குரலடக்கிய சேவல்: அமெரிக்கக் காட்டு வான்கோழி வேட்டையின் வரலாறு

வட அமெரிக்கக் காட்டு வான்கோழி வேட்டையைப் பற்றி இரண்டு நூற்றாண்டுகளாக எழுதப்பட்டுவரும் நூல்களுள் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றி வருகின்றன: இணைசேரும் பருவத்திலும் வாய் திறவாத சேவலைத் துப்பாக்கி எட்டும் தொலைவுக்கு வரவழைப்பது எப்படி என்பதே அது. வசந்தகாலத்தில் சேவல் கழுத்தை முன்னே நீட்டி எழுப்பும், உருண்டோடுவது போன்ற உரத்த குரலை அந்நாட்டார் 'காபிள்' என்பர். அதை முழக்கம் என்று சொல்லலாம். முழங்கும் சேவல் தான் இரவு தங்கிய மரத்தையே வேட்டைக்காரனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முழங்காத சேவலோ அதே காட்டில் நின்றுகொண்டு அவனைப் பகல் முழுவதும் அலைக்கழிக்கிறது. இவ்வகைச் சேவலைக் கள்ளன் என்றும் தந்திரசாலி என்றும் வேட்டை இலக்கியம் வருணிப்பது வழக்கம். ஆயினும் அதன் மௌனத்தில் பறவையின் இயல்பு பாதி, மனிதன் அதனிடம் நடந்துகொண்ட விதம் பாதி என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

பறவையின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும் இனம் இது. குளிர்காலக் கூட்டங்கள் கலையும்போதும், பின்னர்ப் பெட்டைகள் அடைகாக்கத் தொடங்கியதும் துணை குறையும்போதும் முழக்கம் மிகும். மரத்தின் மேலிருந்து விடியலில் முழங்கும் சேவல், தரையில் இறங்கியபின் வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசி, 'டிரம்மிங்' எனப்படும் தாழ்ந்த அதிர்வொலியை எழுப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். அதை நாடி வருவது பெட்டையின் வேலை. சேவல்களிடையே கடுமையான படிநிலை உண்டு. ஆதிக்கச் சேவலால் அடித்துத் துரத்தப்பட்ட இளைய சேவல், முழங்கினால் மீண்டும் அடி விழும் என்பதால் வாயை மூடிக்கொண்டே பெட்டைகளின் பின்னால் சுற்றுகிறது. அருகிலேயே பெட்டைகள் சூழ்ந்திருக்கும் ஆதிக்கச் சேவலுக்கோ முழங்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆக, மௌனம் எப்போதும் அச்சத்தின் அடையாளம் அன்று.

1770-களில் புளோரிடாவின் ஆற்றங்கரைக் காடுகளில் பயணம் செய்த தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம், 1791-இல் வெளிவந்த தம் பயண நூலில், மார்ச் முதல் ஏப்ரல் இறுதிவரை விடியற்காலைகளில் சைப்பிரஸ், மக்னோலியா மரங்களின் உச்சிகளிலிருந்து வான்கோழிச் சேவல்கள் முழங்குவதையும், ஒன்றன் குரலை மற்றொன்று வாங்கித் தொடர்வதால் காடு நெடுந்தொலைவுக்கு அதிர்வதையும் பதிவு செய்துள்ளார். பயணிகளுக்கே உரிய மிகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அக்காலத்துச் சேவல்கள் வெளிப்படையாகவும் நெடுநேரமும் முழங்கின என்பது அக்குறிப்பிலிருந்து புலப்படும்.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஜான் ஜேம்ஸ் ஆடுபான் காட்டும் சித்திரம் வேறு. 1831-இல் வெளிவரத் தொடங்கிய தம் பறவை வரலாற்று நூலில், தாம் கென்டக்கியில் குடியேறிய காலத்தில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள வான்கோழி மூன்று பென்னிக்கும், இருபத்தைந்து முதல் முப்பது பவுண்டு எடையுள்ள முதல்தரப் பறவை கால் டாலருக்கும் விற்றதாக அவர் சொல்கிறார். இவ்வளவு மலிவாகக் கிடைத்த பறவையை யாரும் நாள்முழுதும் மரத்தடியில் உட்கார்ந்து குரல் கொடுத்து வேட்டையாடவில்லை. நிலா வெளிச்சத்தில் மரத்தில் உறங்கும் கூட்டத்தைக் கீழிருந்து சுட்டார்கள். இலையுதிர் காலத்தில் நாயை விட்டுக் கூட்டத்தைச் சிதறடித்து, பிரிந்த குஞ்சுகள் தாயைத் தேடிக் கத்தும்போது அக்குரலைப் போலச் செய்து அழைத்துச் சுட்டார்கள். எல்லாவற்றையும்விட மிகுதியாகப் பொறி வைத்துப் பிடித்தார்கள்.

அப்பொறியின் அமைப்பு, பறவையின் அறிவைப் பற்றிய பிற்காலப் புகழுரைகளோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. இளமரத் தண்டுகளை அடுக்கி ஏறக்குறைய நான்கடி உயரமுள்ள ஒரு சதுரக் கூண்டைக் கட்டி, மேலே கொம்புகளால் மூடிவிடுவார்கள். கூண்டின் ஒரு பக்கச் சுவருக்கு அடியில், வெளியிலிருந்து உள்ளே செல்லும்படி, பறவை குனிந்து நுழையத்தக்க ஒரு பள்ளம் தோண்டப்படும். உட்புறத்தில் சுவரை ஒட்டி அப்பள்ளத்தின் மீது குச்சிகளைப் பரப்பிச் சிறு பாலம்போல் அமைப்பார்கள். காட்டிலிருந்து பள்ளம் வரையிலும் மக்காச்சோளம் தூவப்படும். சோளத்தைக் கொத்திக்கொண்டே தலைகுனிந்து பள்ளத்தின் வழியாக உள்ளே வந்த கூட்டம், தின்று முடித்துத் தலைநிமிர்ந்ததும் வழியை மறந்துவிடுகிறது. சுவரோரமாகச் சுற்றிச்சுற்றி வரும்போது பாலத்தின் மேலேயே நடந்து போகிறதே தவிர, காலடியில் திறந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. கூர்மையான கண்ணும் செவியும் கொண்ட பறவைதான் எனினும் அதன் கூர்மை எல்லாப் பக்கமும் செல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆடுபானின் குறிப்பில் வசந்தகால அழைப்பு வேட்டையும் இடம்பெறுகிறது. பறவையின் இறக்கை எலும்பு ஒன்றை உதட்டில் வைத்து ஒருவகையாகக் காற்றை உறிஞ்சினால் பெட்டையின் குரல் பிறக்கும் என்றும், அதைக் கேட்டு வரும் சேவலைச் சுடுவது வழக்கம் என்றும் கூறும் அவர், மனிதர் நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள் போலிக் குரலை விரைவில் இனங்கண்டுவிடும் என்பதையும், அழைப்புக்குப் பதில்குரல் கொடுத்துக்கொண்டே ஓரடியும் நகராமல் நின்று, மறைவிடத்திலிருந்து அசைய அஞ்சும் வேட்டைக்காரனைத் தோற்கடித்த சேவல்களைத் தாம் அறிந்திருப்பதையும் சேர்த்துக்கொள்கிறார். எலும்பு அழைப்பான் குடியேறிகளின் கண்டுபிடிப்பு அன்று. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அப்பகுதிப் பழங்குடியினரிடம் அது வழக்கில் இருந்தது. பெட்டையின் இறக்கையிலுள்ள எலும்புகளைத் துப்புரவாக்கி, உள்ளீட்டை நீக்கி, மெல்லியதைப் பெரியதற்குள் செருகி ஒட்டினால் ஒரு சாண் அளவுள்ள குழல் கிடைக்கும். அதில் ஊதக் கூடாது, முத்தமிடுவதுபோல் உதட்டைக் குவித்து உறிஞ்ச வேண்டும்.

வேட்டைமுறை மாறியதற்கு முதற்காரணம் பறவை அரிதானதே. கனெக்டிகட்டில் 1813-ஆம் ஆண்டோடும், மாசசூசெட்ஸில் 1851-ஆம் ஆண்டோடும் காட்டு வான்கோழி அற்றுப்போனது. காடுகள் வயலாகவும் விறகாகவும் மாறியதும், சந்தைக்காக ஆண்டு முழுவதும் சுட்டதும், 1904-இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் அமெரிக்கக் கஷ்கொட்டை மரங்கள் அழிந்து முக்கிய இரை குறைந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, 1920 அளவில் அது முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18-இல் இல்லாமற்போயிற்று. எஞ்சியவை தெற்கத்திய ஆற்றுச் சதுப்புகளிலும், அப்பலாச்சிய, ஓசார்க் மலைகளின் எளிதில் எட்ட முடியாத மடிப்புகளிலும் ஒதுங்கின. பொறியில் சிக்குபவை சிக்கி, உறங்கும் மரத்தில் சுடப்படுபவை சுடப்பட்டு, வாய்திறந்து முழங்குபவை முழங்கிய இடத்திலேயே வீழ்த்தப்பட்டுத் தீர்ந்த பின்னர் மிஞ்சிய பறவைகள் இவை என்பதை மறக்கலாகாது. வேட்டை நூல்கள் போற்றும் 'மௌனச் சேவல்' ஓர் இலக்கியப் பாத்திரமாக உருப்பெற்றது இந்தக் காலத்தில்தான்.

அப்பாத்திரத்தை உருவாக்கியவர்கள் தெற்கத்தியர். லூசியானாவில் வேட்டைக் காப்புநிலம் ஒன்றைப் பார்த்துக்கொண்ட சார்லஸ் ஜோர்டன் என்பவர் வான்கோழியின் வாழ்வையும் வேட்டையையும் பல்லாண்டு கவனித்துக் குறிப்பெழுதியும் படமெடுத்தும் வந்தார். 1909-இல் அவர் கொலையுண்டபின், லூசியானாவின் ஏவரி ஐலண்டைச் சேர்ந்த, டபாஸ்கோ மிளகாய்ச் சாறு தயாரித்த குடும்பத்தவரான எட்வர்ட் மெக்கில்ஹென்னி அக்குறிப்புகளைப் பெற்று, தம் அனுபவத்தையும் கூட்டி, 1914-இல் காட்டு வான்கோழி பற்றிய ஒரு நூலாக வெளியிட்டார். தென் கரோலைனாவின் வழக்கறிஞர் ஹென்றி டேவிஸ் 1949-இல் எழுதிய நூல் இதற்கு அடுத்த பெரும் படைப்பாகக் கருதப்படுகிறது. வேட்டையை இறைச்சி சேகரிப்பாகப் பார்க்காமல் ஒரு பறவைக்கும் ஒரு மனிதனுக்கும் இடையிலான வழக்காகப் பார்க்கும் போக்கை இந்நூல்கள் நிலைநாட்டின. இரவில் மரத்தடியில் சுடுபவனையும் இரை தூவிச் சுடுபவனையும் இழிந்தவனாகக் காட்டியதும் இதே மரபுதான். இப்போக்கில் நிலவுடைமைக் குடும்பங்களின் தோரணையும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை; வயிற்றுக்காகப் பொறி வைத்த ஏழை விவசாயியின் தரப்பைச் சொல்ல அந்நூல்களில் யாருமில்லை.

அழைப்புக் கருவிகளின் பெருக்கமும் இதே காலத்தது. ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை பெற்ற பெட்டி அழைப்பான், இன்றுவரை அடிப்படையில் மாறாத வடிவம் கொண்டது. கையகல நீளப் பெட்டி ஒன்றின் இரு பக்கச் சுவர்களும் மிக மெல்லியதாகச் சீவப்பட்டு, மேல்விளிம்பு சற்றே வளைந்திருக்கும். துடுப்பு வடிவ மூடி ஒரு முனையில் திருகாணியால் தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். மூடியின் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து அதைச் சுவரின் விளிம்பில் உரசினால், உரசல் தொடங்கும் இடத்தில் மெல்லிய உயர்ந்த ஒலியும் முடியும் இடத்தில் தடித்த கரகரப்பான ஒலியும் பிறக்கும். பெட்டையின் 'யெல்ப்' என்னும் அழைப்பில் இந்த இரு சுருதிகளும் ஒன்றையொன்று தொட்டு முறிய வேண்டும். அந்த முறிவு அமையாத பெட்டி வெறும் மரச்சாமானே. மரத்தின் ஈரம், சுண்ணத்தின் அளவு, திருகாணியின் இறுக்கம் ஆகிய ஒவ்வொன்றும் குரலை மாற்றிவிடும் என்பதால், மழைநாளில் பெட்டியை நெகிழிப் பைக்குள் வைத்தே உரசுவோரும் உண்டு. சிலேட்டுப் பலகையைக் குச்சியால் உரசும் கருவியும், குதிரைலாட வடிவச் சட்டத்தில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டி அண்ணத்தில் ஒட்டவைத்து ஒலிக்கும் வாய்க்கருவியும் பின்னர்ப் பரவலாயின. இவற்றுள் கடைசியானது இரு கைகளையும் துப்பாக்கிக்கு விட்டுவிடுவதால், அசைவே கூடாத கடைசி நிமிடத்துக்கு ஏற்றதாயிற்று.

அசைவு கூடாது என்பதற்குக் காரணம் பறவையின் கண். தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் அது தலையைச் சிறிது திருப்பினாலே ஏறக்குறைய முழுவட்டத்தையும் பார்த்துவிடுகிறது. நிறங்களையும் நன்கு பிரித்தறிகிறது. மோப்பம் மட்டும் மிகக் குறைவு. ஒரே ஓர் அழைப்பைக் கேட்டு, அது எழுந்த மரத்தை ஏறத்தாழத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, அரைமணி நேரம் கழித்து அங்கே வந்து நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு. வேட்டைக்காரனின் சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. இயற்கையில் பெட்டைதான் சேவலிடம் போக வேண்டும்; அழைப்பானை உரசுபவன் சேவலைப் பெட்டையிடம் வரச் சொல்கிறான். அவன் மேன்மேலும் அழைத்தால், பெட்டை எப்படியும் வந்துவிடும் என்று சேவல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. குரல் மட்டும் கேட்டு உருவம் தெரியாவிட்டால் ஐயுற்று விலகுகிறது. தெற்கத்திய முதியவர்கள் மூன்று யெல்ப்புகளோடு நிறுத்திக்கொண்டு, கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததற்கு இதுவே அடிப்படை.

குரல் கொடுக்கும் சேவலுக்கான உத்திகள் மௌனச் சேவலிடம் செல்லுபடியாவதில்லை. விடியுமுன் ஆந்தையைப் போலவோ காக்கையைப் போலவோ கத்தினால், திடுக்கிட்ட சேவல் தன்னையறியாமல் முழங்கிவிடுவதுண்டு. மௌனச் சேவல் அதற்கும் மசிவதில்லை. எனவே காதால் தேடும் வேலையைக் கண்ணால் செய்ய வேண்டியதாகிறது. நடுவிரல் நீண்டு அழுந்திய கால்தடம், கொக்கிபோல் வளைந்த சேவலின் எச்சம், மணற்பாதையில் இறக்கை நுனிகள் இழுத்த இணைகோடுகள், புழுதிக்குளியல் நடந்த குழி, மாலையில் மரமேறும் கூட்டத்தின் சிறகடிப்பு ஆகியவற்றைக் கொண்டு அது அன்றாடம் கடக்கும் வழியை முன்பே அறிந்துவைத்து, அவ்வழியில் தன் தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து நிழலில் உட்கார்வது முதற்படி. பிறகு மணிக்கு ஒருமுறையோ இருமுறையோ மென்மையான ஒற்றைக் 'கிளக்' ஒலி, இரை மேயும் பெட்டையின் அடித்தொண்டை முனகல், இடையிடையே விரல்களால் சருகைக் கிளறும் ஓசை. கிளறும் தாளம்கூட முக்கியம்: பறவை ஒரு காலால் ஒன்று, மறுகாலால் இரண்டு என இழுத்துவிட்டுப் பின்வாங்கி உற்றுப் பார்க்கும், மனிதன் சீராகக் கிளறினால் அது மனிதனின் கிளறலாகவே கேட்கும். விடியலில் வெறுங்கையோடு திரும்புவோர் பலர் தவறவிடுவது முற்பகலை. பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்குப் போனபின் தனித்துவிடப்பட்ட சேவல், காலையில் கேட்ட குரலை நினைவு வைத்திருந்து ஒன்பது பத்து மணிக்கு ஓசையின்றி வந்து எட்டிப்பார்ப்பதுண்டு. பெரும்பாலும் எதிர்பாராத பக்கத்திலிருந்தே வரும். வருகையை அறிவிப்பது அந்தத் தாழ்ந்த அதிர்வொலி ஒன்றே, சில வேளை அதுவும் இல்லை.

போலிப் பறவையை நட்டுவைக்கும் உத்தியும் உண்டு. பழந்தமிழில் பார்வை என்று வழங்கிய, மற்ற விலங்கை ஈர்க்கப் பழக்கி நிறுத்திய விலங்கின் இடத்தில் இங்கே நெகிழிப் பொம்மை நிற்கிறது. படிநிலையில் தாழ்ந்த மௌனச் சேவல், விசிறி விரித்த ஆண் பொம்மையைக் கண்டு மிரண்டு ஓடிவிடும் என்பதால், அதற்கு ஒற்றைப் பெட்டைப் பொம்மையே ஏற்றது என அனுபவசாலிகள் கூறுவர். உண்மையான வால் விசிறியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து நெருங்கும் அண்மைக்கால முறையைச் சில மாநிலங்கள் தடுத்துள்ளன. காரணம் அறமன்று, அந்த விசிறிக்குப் பின்னால் இருப்பவனை மற்றொரு வேட்டைக்காரன் சுட்டுவிடக்கூடும் என்பதே. பென்சில்வேனியாவில் வசந்தகாலப் பறவையைப் பதுங்கிச் சென்று தேடுவதே குற்றம். அழைத்து வரவழைக்க மட்டுமே அனுமதி. சேவலின் தலையில் தோன்றும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களை ஆடையில் தவிர்க்க வேண்டும் என்பது எங்கும் கற்பிக்கப்படும் விதி.

இத்தனை உத்திகளுக்கும் இடமளிக்கும் அளவுக்குப் பறவைகள் திரும்பி வந்த கதை தனி. 1930-களில் நாடு முழுவதும் எஞ்சியவை இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிட்டது. முதலில் பண்ணையில் வளர்த்த பறவைகளை விட்டுப் பார்த்தார்கள். மிசௌரி மட்டுமே ஆயிரக்கணக்கில் விட்டது, பயன் ஒன்றுமில்லை. ஏன் என்பதை 1944-இல் ஸ்டார்க்கர் லியோபோல்டு தம் ஆய்வில் விளக்கினார்: நாட்டு இரத்தம் கலந்த பறவைகளின் மூளை, காட்டுப் பறவைகளின் மூளையைவிடச் சிறியது, அவை உரிய காலத்துக்கு முன்பே இனம்பெருக்கின, தாய் எச்சரித்தாலும் குஞ்சுகள் பதுங்கி உறையாமல் சிதறி ஓடின. எச்சரிக்கைக் குணம் பெருமளவு பரம்பரையாக வருவது என்பதை இது காட்டியது. 1951-இல் தென் கரோலைனாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில், நீர்ப்பறவைகளுக்காக உருவாக்கப்பட்டிருந்த பீரங்கி வலை வான்கோழிகள் மீது பயன்படுத்தப்பட்டது. இரை தின்னும் கூட்டத்தின் மீது வெடிமருந்தால் வலையை வீசிப் பிடித்து, அசல் காட்டுப் பறவைகளையே வேறு காடுகளுக்குக் கொண்டுசெல்ல இதனால் வழி பிறந்தது. மிசௌரி 1960-இல் மூன்று நாள் வசந்த வேட்டையைத் திறந்தபோது கிடைத்தவை 94 சேவல்கள் மட்டுமே. 2000-களின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த எண்ணிக்கை அறுபது லட்சத்தைக் கடந்துவிட்டது.

பெட்டைகளைக் காத்துச் சேவல்களை மட்டும் வசந்தத்தில் சுட விடும் இம்முறை, ஒரு சேவல் பல பெட்டைகளுக்குப் போதும் என்ற கணக்கின் மேல் நின்றது. அண்மை ஆண்டுகளில் தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை சரிந்துவருவதால் அக்கணக்கு மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளது. ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் குழுவினர், காடுகளில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டியும் பறவைகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவிகளைப் பொருத்தியும் நடத்திய ஆய்வுகளில், வேட்டை நடக்கும் நிலங்களில் பருவம் தொடங்கியபின் முழக்கம் குறைவதையும், வேட்டையில்லாத நிலங்களில் அது அவ்வாறு குறையாததையும் கண்டனர். அக்குறைவில் வாய்மூடிய சேவல்களின் பங்கும் உண்டு, செத்துப்போன சேவல்களின் பங்கும் உண்டு. முழங்கும் சேவல்களே முதலில் சுடப்படுவதால் முழங்காத குணம் தலைமுறைக்குத் தலைமுறை வலுக்கிறது என்று வேட்டைக்காரர்கள் வழிவழியாக நம்பிவருகிறார்கள்; சில ஆண்டுகளே வாழும் பறவையின் வாழ்நாளுக்குள் அச்சத்தால் கற்றுக்கொண்ட அடக்கமே இதை விளக்கப் போதும் என்பதால், பரம்பரை வாதத்தை இப்போதைக்கு ஊகமாகவே கொள்ள வேண்டும். ஆதிக்கச் சேவல்களைப் பருவத்தின் தொடக்கத்திலேயே வீழ்த்துவது இணைசேர்க்கையைக் குலைக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றதன் விளைவாக, ஜார்ஜியா 2022 முதல் வசந்தப் பருவத்தைப் பிந்தித் திறந்து, ஒருவர் சுடத்தக்க சேவல்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; அலபாமாவும் அதே ஆண்டில் பருவத்தைத் தள்ளிவைத்து, ஐந்தை நான்காக்கியது.